கருணாகரனுக்கு ஓர் இலை

காஜா பெராங் என்றால் மலாயில் சினங்கொண்ட யானை என்று அர்த்தம். மலாக்கா டவுனை ஒட்டிய அந்தத் தெருக்களுக்குப் பெயர் வைத்தவன் எவனோ, சந்திரமதி டீச்சரைப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருப்பான் என்று அவளோடு வேலை பார்த்தவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள். முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் ஒருவருக்கும் கிடையாது.

அவள் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடொன்றில். அப்பா அம்மா இருவரும் சேலத்துப் பக்கம், கங்காணி பிடித்து வந்த ஆட்கள். டவுனில் இருந்த சித்தி வீட்டில் தங்கிப் படித்து, தமிழ்ப் பள்ளியில் வாத்தியார் வேலைக்கு வந்துவிட்டாள். அதற்குள் அவளுக்குக் கோபப்படவும் காத்திருக்கவும் நன்றாகவே தெரிந்திருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் எதிராளி பாடு திண்டாட்டம்தான். அந்த எதிராளியின் பெயர் பொன்னுதுரை. அவள் புருஷனுடைய அண்ணன்.

புருஷன் கருணாகரன் மலாக்கா செட்டிகளில் ஒருவன். சுல்தான் காலத்தில் வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, இங்கேயே வேர்விட்டவர்களின் வழி. நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். கும்பிடுவது மாரியம்மனைத்தான், தமிழ் மட்டும் அவர்கள் பேச்சில் இலையோரத்து ஊறுகாய் அளவுக்கு மிஞ்சியிருந்தது. கருணாகரன் தெங்கேராவிலிருந்து பாசாருக்கு மீன் லாரி ஓட்டினான். டீச்சரைப் பார்த்தான், பிடித்துப்போயிற்று, மாரியம்மன் சந்நிதியில் தாலி கட்டினான். ஜப்பான்காரன் சண்டை வருவதற்கு இரண்டு வருஷம் முந்திய கதை இது.

பொன்னுதுரை ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. கல்யாணச் செய்தி காதில் விழுந்ததும் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "கித்தாப் பால் நாத்தம் இந்த வாசப்படி ஏறக்கூடாது." மலாயில்தான் சொன்னார், கித்தா என்றால் ரப்பர். அந்த வீட்டில் பேச்செல்லாம் மலாய்தான். ஆனால் நாற்றம் எந்த மொழியிலும் நாற்றம்தானே. சந்திரமதி அதை அட்சரம் பிசகாமல் மனதில் எழுதிவைத்துக்கொண்டாள்.

இரண்டு சந்து தள்ளி ஒரு பலகை வீட்டில் குடித்தனம் நடந்தது. கருணாகரன் தினமும் சாயங்காலம் அண்ணன் வீட்டு வேலியோரமாகச் சைக்கிளில் போய் மணி அடிப்பான். பொன்னுதுரை பேப்பரிலிருந்து தலை தூக்க மாட்டார். மறுநாளும் இவன் போய் மணி அடிப்பான். "மானம் ரோஷம் இல்லையா உங்களுக்கு?" என்று சந்திரமதி கேட்டால் சிரிப்பான். "அபாங் கோவத்துல இருக்காரு. மழை மாதிரிதான் அது, விட்டுடும்." அபாங் என்றால் அண்ணன். அந்தச் சொல்லை அவன் சொல்லும்போது வாயில் சர்க்கரை கரைவதுபோல் இருக்கும். அப்பா இல்லாத வீட்டில் தூக்கி வளர்த்தவர் அந்த அண்ணன்தான்.

மழை விடவில்லை. ஜப்பான்காரன் வந்தான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தான். காஜா பெராங்கில் தலைக்கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலை, படித்தவர் என்று பொன்னுதுரையிடம் வந்து சேர்ந்தது. கடைசியில் ஒருநாள் அவர் குடும்பத்திலிருந்தே ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். ஆண் பிள்ளைகள் இருவர்தான். அவர் தம்பியின் பெயரைச் சொன்னார்.

லாரி புறப்பட்ட காலையில் கருணாகரன் பெண்டாட்டியைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான். "நீ பயப்படாத. அபாங் அங்கதான் நிக்கிறாரு பாரு. ஏதாச்சும் பேசி என்னை இறக்கிடுவாரு." அபாங் அங்கேதான் நின்றார், கையிலிருந்த தாளைப் பார்த்தபடி. லாரி திரும்பி மறையும் வரை தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கருணாகரன் கடைசிவரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு போனதைச் சந்திரமதி பார்த்தாள். பொன்னுதுரையை அபாங் என்று அவள் அழைத்தது அதோடு நின்றது.

சண்டை முடிந்து திரும்பிய தம்பிராஜா என்பவர் சேதி கொண்டுவந்தார். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டானாம். மூங்கில் புதருக்குப் பக்கத்தில் நாலைந்து பேரோடு சேர்த்துப் புதைத்தார்களாம். எந்த இடம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சயாமில் செத்துப்போன கூலிகளுக்குப் பேர் எழுதிவைக்க யாருக்கு நேரம் இருந்தது.

செட்டிகளிடம் பார்ச்சு என்று ஒரு வழக்கம் உண்டு. பொங்கலுக்கு முதல் நாள், குடும்பத்தின் மூத்த வீட்டில், செத்துப்போனவர்களுக்கு இலை போடுவார்கள். அவரவர் உயிரோடு இருந்தபோது எதை ஆசையாகச் சாப்பிட்டாரோ அதைச் சமைத்து அவரவர் இலையில் வைக்க வேண்டும். வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். முன்னோர் சாப்பிடும்போது உயிரோடு இருக்கும் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. பிறகு கதவைத் திறந்து, அந்தச் சாப்பாட்டை உறவுக்காரர்கள் பகிர்ந்து சாப்பிடுவார்கள். ஆசைப்பட்டது இலையில் இல்லை என்றால் வந்தவர் பசியோடு திரும்புவார். கனவில் வந்து கேட்பார். இலையே இல்லை என்றால் தெருவில்தான் நிற்பார்.

சந்திரமதி மூத்த வீட்டு வேலிக்கு வெளியே நின்று கேட்டாள். "அவருக்கு ஒரு இலை போடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

பொன்னுதுரை கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார். "செத்ததுக்குக் காகிதம் இருக்கா? உயிரோட இருக்கிறவனுக்கு இலை போட்டா அவனைக் கொன்ன மாதிரி. காகிதம் கொண்டா."

மறு வருஷமும் போய்க் கேட்டாள். மறு வருஷமும் காகிதம் கொண்டா என்றார். அவர் இலை போடாததன் காரணம் காகிதம் அல்ல என்பது காஜா பெராங்கில் கோழிக்குஞ்சுக்கும் தெரியும். இலை போட்டால் தம்பி செத்தான் என்று ஆகும். செத்தான் என்றால் அனுப்பியது யார் என்று ஆகும். குதிரை குப்புறத் தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது. அவள் வீட்டிலேயே இலை போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். முன்னோர் வந்து இறங்குவது மூத்த வீட்டில் அல்லவா? கருணாகரன் எங்கே போய் நிற்பான் என்று அவளுக்குத் தெரியாதா? அந்த வேலியோரம், சைக்கிளோடு, மணி அடித்துக்கொண்டு நிற்பான். அங்கே அவனுக்கு இலை விழ வேண்டும். அவளுடைய ஆயுசுக்கு அந்த ஒரே காரியம்தான் மிச்சம் இருந்தது. அது நடக்காமல் போன ஒவ்வொரு பொங்கலுக்கும், அந்த மனிதரை ஒருநாள் எல்லார் முன்னாலும் தலைகுனிய வைக்கிறேன் என்று அடுப்படியில் நின்று சொல்லிக்கொள்வாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் பிறந்தது. சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே காகிதம் தேடிக்கொண்டிருந்தது. பிறந்த பத்திரம், அப்பன் பிறந்த பத்திரம், கப்பல் சீட்டு. குடியுரிமை என்ற சொல் காப்பிக் கடைகளில் சீனியைவிட அதிகமாகப் புழங்கியது. பொன்னுதுரைக்கு அந்தக் கவலை இல்லை. மாறாக, தம் வம்சாவளியைப் பெரிய பலகையில் மரமாக வரைந்து, பொன்வண்ணத்தில் எழுதிக் கூடத்தில் மாட்டினார். அடியில் சுல்தான் காலத்து வணிகர். நடுவில் பாட்டனார் சின்னப்பா. அவருக்கு மேல் அப்பா. பக்கத்தில் அம்மா நாகம்மா, 'தெங்கேரா வணிகர் மகள்'. உச்சியில் பொன்னுதுரை. கருணாகரன் இருக்க வேண்டிய கிளையில் ஒரு பூ. வந்தவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுல கூலிக் கப்பல்ல வந்த ரத்தம் ஒரு சொட்டுக் கிடையாது" என்பார். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்று பெரியவர்கள் சொன்னது சும்மாவா? பார்க்கப் போனால் சேறுதான் இருக்கும். அவர் தம் நதிமூலத்துக்குப் பொன் முலாம் பூசி ஆணியடித்து மாட்டிவிட்டார்.

ஜூன் மாதம் மக்கள் கணக்கெடுப்பு வந்தது. அந்த வேலைக்கு வாத்தியார்களைப் பிடித்தார்கள். சந்திரமதிக்கு விழுந்த தெரு காஜா பெராங். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்று பாடத்தில் சொல்லிக்கொடுத்தவள்தானே. கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று அதிகாரி முன்னால் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, வெள்ளைச் சேலை கட்டி, பாரங்களையும் பென்சிலையும் மத்தியானச் சாப்பாட்டு அடுக்கையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மூத்த வீட்டு வாசப்படியை முதல்முறையாக ஏறினாள். சர்க்கார் வேலையாக வந்தவளைத் தடுக்க முடியாது.

"துவான், இந்த வீட்டுக்குத் தலைவர் யாரு?" என்று, துரைமாரைக் கூப்பிடும் சொல்லை வைத்துக் கேட்டாள்.

"உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்சத எழுதச் சொல்லல துவான். நீங்க சொல்றத எழுதச் சொல்லியிருக்காங்க."

பொன்னுதுரை பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார். பெயர், வயது, பிறந்த ஊர், வேலை. அவள் வேண்டுமென்றே மெதுவாக எழுதினாள். ஒவ்வொரு பதிலையும் திருப்பி ஒருமுறை கேட்டாள். அவருடைய மனைவி பத்மினி மிரண்டுபோய்க் கதவோரம் நின்றாள். நாற்காலி மெத்தென்று இருந்தது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு சுகமாக அவள் எங்கும் உட்கார்ந்ததில்லை.

"அம்மா பொறந்தது மலாக்கா. எழுதிக்க" என்றார் பொன்னுதுரை.

"அவங்களையே ஒரு வார்த்தை கேட்டுடறேன், துவான்."

மாமியார் நாகம்மா சமையலறைக்குப் பக்கத்து அறையில் கட்டிலோடு கிடந்தாள். கல்யாணமான நாளிலிருந்து மருமகளிடம் ஒரு சொல் பேசியதில்லை. கோயிலில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். திமிர் என்றே சந்திரமதி நினைத்திருந்தாள். கட்டிலருகே குனிந்து, பிறந்த ஊர் எது என்று மலாயில் கேட்டாள். கிழவியின் மூக்கு விடைத்தது. கண் பைமேல் போய் நின்றது.

"ஏ புள்ள," என்றாள் கிழவி, தமிழில். "கொள்ளா கடைஞ்சிருக்க?"

சந்திரமதிக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுக்கைத் திறந்தாள். கேழ்வரகுக் களி, கொள்ளுக் கடைசல். அம்மா சொல்லிக்கொடுத்த சேலத்துச் சமையல். கிழவி களியைக் கிள்ளி, கடைசலில் தோய்த்து, மெல்லாமல் அப்படியே விழுங்கினாள். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்னால் கற்றுக்கொடுக்கும் பாடம் அது. எந்தத் தெங்கேரா வணிகர் மகளுக்கு அது தெரியும்?

"எந்த ஊரும்மா நீங்க?"

"சேலத்துப் பக்கம். ஊர்ப் பேரு மறந்துபோச்சு. எங்கப்பன் தோள்ல உக்காந்துதான் கப்பல் ஏறுனேன்." கிழவி இன்னொரு கிள்ளு விழுங்கினாள். "அவங்கிட்ட சொல்லிடாத. அவனுக்குக் கோவம் வரும்."

பொன்னுதுரைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கப்பல் மலாயிலும் கப்பல்தான். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைச் சந்திரமதி நின்று நிதானமாகப் பார்த்தாள். அவருக்கு இது புதிய சேதி அல்ல என்பதும் அந்த முகத்தில் இருந்தது. கிழவி இத்தனை காலம் முகத்தைத் திருப்பியது திமிரால் இல்லை, பயத்தால். தமிழ் பேசும் மருமகள் எதிரே நின்றால் வாய் தவறிவிடும் என்ற பயம்.

வாசல்வரை வந்து பொன்னுதுரை தாழ்ந்த குரலில் சொன்னார். "நீ சத்தியம் செஞ்சு கொடுத்திருக்கே. இங்க கேட்டத வெளிய சொன்னா ஜெயில். வேலையும் போகும். சட்டம் எனக்கும் தெரியும்."

"எனக்கும் தெரியும் துவான்," என்றாள் அவள். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. அவர் சொன்னது நிஜம். கையில் கிடைத்த கத்தியை உறையோடு பிடுங்கிக்கொண்டார்.

ஆனால் சத்தியம் கட்டியது அந்த வீட்டில் கேட்டதை மட்டும்தான். அதே உண்மை வேறு கதவு வழியாக வந்தால்? காகிதம் கொண்டா என்று எத்தனை வருஷம் சொன்னார்! கொண்டுவருகிறேன் இரு என்று கறுவிக்கொண்டே, பள்ளி இல்லாத நாளெல்லாம் அவள் அலைந்தாள். பிறப்புப் பதிவில் நாகம்மா இல்லை. இல்லாததை வைத்துக்கொண்டு யாரைத் தலைகுனிய வைப்பது? பழைய கணக்கெடுப்புகளைக் கேட்டாள். "அதுல எண்ணிக்கைதான் டீச்சர் இருக்கு. இன்ன இன ஆளுங்க இத்தனை, ஆம்பளை இத்தனை, பொம்பளை இத்தனை. பேரு கிடையாது," என்றார் ஆவணக் கிராணி ஜெயபாலன். அவருடைய மகள் இவளிடம் படித்தவள், அதனால் கதவைச் சாத்தவில்லை. மலாக்காவில் அந்தக் காலத்தில் தமிழர்களை வைத்து மரவள்ளி பயிரிட்ட தோட்டங்களை விசாரித்துப் பஸ் ஏறிப் போனாள். ஒன்று கித்தாத் தோட்டமாகிவிட்டிருந்தது. பழைய புத்தகங்களைக் கறையான் தின்று மண்ணாக்கியிருந்தது. செட்டிகளின் இடுகாட்டில் கல் கல்லாகப் பெயர் பார்த்தாள். நாகம்மாவின் தகப்பன் என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒரு கல்லும் இல்லை.

"எங்கயும் பேரு பதியாதவங்க அநாதைப் புள்ளையா இருந்திருந்தா கோர்ட்டுக் கச்சேரி உத்தரவு இருக்கும்," என்று ஜெயபாலன்தான் ஒருநாள் வாய்விட்டார். சர்க்கார் ஆபீசாக இருந்த சிவப்புக் கட்டடத்தின் பின்கட்டில் தூசியில் முங்கிக் கிடந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்தது, ஊரெல்லாம் கொடி கட்டினார்கள். அவள் தும்மிக்கொண்டே மூட்டை அவிழ்த்தாள். ஒரு சனிக்கிழமை கிடைத்தது. நாகம்மா, சேலம் ஜில்லா கூலி முனியன் மகள், வயது ஆறு இருக்கலாம். தாய் தகப்பன் தோட்டத்துக் காய்ச்சலில் மரணம். வீட்டு வேலைக்கும் வளர்ப்புக்குமாக காஜா பெராங் சின்னப்பா வசம் ஒப்படைப்பு. வேலைக்கு எடுத்த பெண்ணையே பிறகு மகனுக்குக் கட்டிவைத்திருக்கிறார் சின்னப்பா. நல்ல மனுஷன்தான். மறைத்தவர் பேரன்.

முத்திரை வைத்த நகல் வாங்கிக்கொண்டாள். அதே அறையில் கருணாகரன் பெயரையும் அவள் தேடாமல் இல்லை. சயாமுக்குப் போனவர்கள், திரும்பாதவர்கள் என்று கிடைத்ததையெல்லாம் புரட்டினாள். ஒன்றும் இல்லை. பொன்னுதுரையை வெட்டுவதற்குக் காகிதம் கிடைத்தது, இவள் புருஷனுக்கு இலை வாங்கக் காகிதம் கிடைக்கவில்லை. அன்றைக்கு அந்தச் சிவப்புக் கட்டடப் படியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் கோபம் இன்னும் சுத்தமாகிவிட்டிருந்தது.

கார்த்திகை மாதத்தில் நாகம்மா இறந்துபோனாள். சந்திரமதியைச் சந்து முனைக்கு மேல் விடவில்லை. வரும் பொங்கலுக்கு முதல் நாள் கிழவிக்கு முதல் இலை. தஞ்சோங் கிளிங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்து கூடுவார்கள். கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வாசலில் நிற்கும் நேரம் பார்த்து, வேலிக்கு வெளியே நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல அந்தக் காகிதத்தை வாசிப்பது என்று தீர்மானித்தாள். மலாயில் மொழிபெயர்த்து மனப்பாடம்கூடச் செய்தாள். கண்ணாடி முன்னால் நின்று வாசித்துப் பார்த்தாள். 'கூலி' என்ற சொல்லில் குரல் எவ்வளவு உயர வேண்டும் என்பதுவரை யோசித்தாகிவிட்டது.

பொங்கலுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, சாயங்கால மழையில், பலகை வீட்டு வாசலில் ஒரு குடை வந்து நின்றது. குடைக்கு அடியில் பொன்னுதுரை.

அவள் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. மழைச் சாரல் அவர் சாரோங்கை நனைப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா கனவுல வர்றாங்க," என்றார் அவர். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "இலைக்கு முன்னால உக்கார்றாங்க. கையால தள்ளிவிடறாங்க. தினமும்."

"சரி."

"அவங்களுக்கு ஆசையானது எங்க வீட்டுல யாருக்கும் செய்யத் தெரியாது. மாவு வாங்கிக் கொடுத்தேன். பத்மினி செஞ்சு பார்த்தா." அவர் தயங்கினார். "தேங்காய்ப்பால் ஊத்தி, வெல்லம் போட்டு, வாசனைக்குப் பாண்டான் இலை போட்டு."

கேழ்வரகு மாவில் புபுர் என்ற இனிப்புக் கஞ்சி காய்ச்சியிருக்கிறார்கள்! செட்டி வீட்டு அடுப்பைத் தவிர உலகத்தில் எந்த அடுப்பிலும் அந்தக் கூத்து நடக்காது. சந்திரமதிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தாள், அடக்காமல், அவர் முகத்துக்கு நேராகவே சிரித்தாள்.

"என்ன வேணும் உங்களுக்கு? பேரைச் சொல்லுங்க."

"உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வேண்டாம். நீங்க சொல்லுங்க."

மழை கூரைத் தகரத்தில் கொட்டியது. பொன்னுதுரை சொன்னார், தமிழ்ச் சொல்லையே, நாக்கு தடுக்க. "களி."

"உங்கம்மா களி சாப்பிட்டாங்களா? எந்த ஊருச் சாப்பாடு அது? கூலிக்காரங்க சாப்பாடாச்சே! காகிதம் இருக்கா, துவான்?" அவள் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள். "உங்கம்மா களி சாப்பிட்டதுக்குக் காகிதம் இருக்கா? இருந்தா கொண்டாங்க, செஞ்சு தர்றேன். இல்லாட்டிப் போங்க!"

"காகிதம் இல்ல," என்றார் அவர், தரையைப் பார்த்து.

"என்கிட்ட இருக்கு." பெட்டியைத் திறந்து நகலை எடுத்துவந்து வாசித்தாள். மனப்பாடம் செய்தபடியே, ஒரு சொல் விடாமல். முனியன் மகள் என்ற இடத்தில் அவர் குடையைத் தாழ்த்திவிட்டார். நனைந்துகொண்டு நின்றார்.

"தாத்தா பேரு முனியனா," என்று கேட்டார். "அம்மா எனக்கு அதைச் சொன்னதே இல்ல."

அவள் அந்தப் பரிதாபத்துக்கு இடம் கொடுக்கவில்லை. கொடுத்தால் இத்தனை பொங்கலும் வீண். "கேட்டுக்கங்க. களி நான் கிண்டித் தர்றேன். ராத்திரியில வந்து முந்தானைக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப் போக யாரையும் அனுப்பக் கூடாது. பார்ச்சு அன்னைக்கு, நல்ல வெளிச்சத்துல, நீங்களே வரணும். பானையைத் திறந்தாப்புல கையில ஏந்திக்கிட்டுத் தெருவழியா நடந்து போகணும். எவன் என்னன்னு கேட்டாலும் சொல்லணும். இன்னொண்ணு, உங்கம்மா இலைக்குப் பக்கத்துல அவருக்கு ஒரு இலை. காகிதம் கேக்காம."

பொன்னுதுரை தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பார்ச்சு அன்று விடியலிலேயே அவள் அடுப்பு மூட்டினாள். களியை நன்றாகவே கிண்டினாள், கட்டி தட்டாமல். கொள்ளை வறுத்து, வேகவைத்து, பூண்டும் மிளகாயும் போட்டுக் கடைந்தாள். கிழவிமேல் அவளுக்குக் கோபம் இல்லை. மத்தியானம் பொன்னுதுரை வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல சாரோங். சந்தில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றிருந்தார்கள். நிற்கட்டும் என்றுதான் காலையிலேயே பக்கத்து வீட்டுக் கோகிலாவின் காதில் ஒரு வார்த்தை போட்டுவைத்திருந்தாள். கோகிலாவிடம் சொன்னால் போதும், தமுக்கு அடிக்க வேண்டாம். களியும் நடுவில் கடைசலும் வைத்த மண்பானையைத் துணி சுற்றி அவர் கையில் கொடுத்தாள். சூடு துணியைத் தாண்டி வந்திருக்க வேண்டும். அவர் விரல்களை மாற்றி மாற்றிப் பிடித்தார். கீழே வைக்கவில்லை.

போகத் திரும்பியவர் நின்றார். கண் அவளைப் பார்க்கவில்லை, பானையைப் பார்த்தது.

"தம்பி இலையில என்ன வைக்கறது?" என்றார். "யோசிச்சுப் பார்த்தேன். ஞாபகம் வரல. அவனுக்கு என்ன புடிக்கும்?"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். மீன் தலைக் குழம்பு, சம்பால், புளித்த மாங்காய். லாரிக்காரனுக்கு எது கொடுத்தாலும் பிடிக்கும். சந்திரமதி அவரையே பார்த்தாள். அந்த லாரியும், அதில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போன முகமும் அவள் கண்முன்னால் நின்றன.

"அவருக்கு அவரோட அபாங்கைப் புடிக்கும்," என்றாள். "அதை வைங்க."

பொன்னுதுரை பானையோடு தெருவில் இறங்கினார். ஒருவர் கேட்டார், களி என்றார். இன்னொருவர் யாருக்கு என்று கேட்டார், அம்மாவுக்கு என்றார். எங்கேயிருந்து வந்த சாப்பாடு என்று ஒரு பொல்லாத வாய் கேட்டது. "சேலம். அம்மா ஊரு," என்று சொல்லிவிட்டு நடந்தார். நகலை யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டிய அவசியம் அதற்குப்பின் வரவில்லை.

சாயங்காலம் சந்திரமதி வேலிக்கு வெளியே வந்து நின்றாள், கருணாகரனின் சைக்கிள் நிற்கும் இடத்தில். உள்ளே வரச் சொல்லிப் பத்மினி ஓடிவந்தாள், வேண்டாம் என்றுவிட்டாள். திறந்த கதவு வழியாக இலைகள் வரிசையாகத் தெரிந்தன. ஓரத்தில் நாகம்மாவின் இலையில் களியும் கடைசலும். பக்கத்தில் இன்னோர் இலை. அதில் ஒரு பருக்கைகூட இல்லை. துடைத்துப் போட்ட வெறும் இலை. நேரம் வந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். கதவைச் சாத்தினார்கள். அப்புறம்தான் யாரோ கவனித்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொன்னுதுரை வெளியே வரவில்லை.

உயிரோடு இருப்பவர் உள்ளே இருக்கக் கூடாது என்று ஒரு பெரியவர் பதறினார். கதவைத் தட்டப் போனவரைப் பத்மினி கையைப் பிடித்து நிறுத்தினாள். உள்ளேயிருந்து அழுகை கேட்டது. வயதான ஆண்பிள்ளை, அழுது பழக்கமில்லாத ஆண்பிள்ளை அழுகிற அழுகை. நடுவில் தம்பியின் பெயர். வாசலில் நின்றவர்கள் தலைகுனிந்தார்கள். சந்திரமதி குனியவில்லை. அழட்டும் என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் சத்தமாக அழட்டும், தம்பி காதுக்குக் கேட்கட்டும்.

கதவு திறக்கும்வரை அவள் நின்றாள். பிறகு வீட்டுக்குப் போய், கிண்டிய சட்டியில் ஒட்டியிருந்த களியைச் சுரண்டி எடுத்துச் சாப்பிட்டாள். அன்றைக்கு அவளுக்கு நல்ல பசி.